ஒலிபெருக்கியை இருபது நிமிடம் அணைத்து வையுங்கள்

மழலையர் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே எந்த நேரத்தில் எது நடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு 19 ஆண்டுகளாகத் தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும் ஆசிரியை நான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். தினமும் காலையில், பிள்ளைகள் தாங்களே பாடவும் தட்டவும் ஆடவும் இருபது நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். அந்த இருபது நிமிடமும் ஒலிபெருக்கி அணைந்திருக்கட்டும். பாட்டு ஒரு மனிதரின் தொண்டையிலிருந்து வரட்டும்.

"எங்கள் பள்ளியில் பாட்டில்லாத நாளே கிடையாதே" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் எல்லாம் பாட்டு இருந்தது. பிள்ளைகள் உள்ளே வரும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, தூங்கவைக்க ஒன்று. சுவரில் திரை, திரையில் பொம்மைகள், பக்கத்தில் ஒலிபெருக்கி. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் கையை அசைப்பார்கள். பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. விழா நெருங்கிவிட்டால் ஒரே பாட்டை வாரக்கணக்கில் போட்டு, வரிசை கலையாமல் ஆடப் பழக்குவோம். அதுவும் இசை வகுப்பு என்றே கணக்கில் ஏறிவிடுகிறது. பிள்ளை பாட்டைக் கேட்டது, சரி. பாடியதா? நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் தோமசெல்லோவும் நடத்திய ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுப் பிள்ளைகளைத் தாளத்தோடு சேர்ந்து முரசு தட்டவைத்துப் பார்த்தார்கள். ஒரு முறை எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டினார். ஒரு முறை ஓர் இயந்திரம் தட்டியது. ஒரு முறை ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. மூன்று வயதுப் பிரிவினருமே மனிதரோடு தட்டும்போதுதான் தாளத்தை நன்றாகப் பிடித்தார்கள். சின்னப் பிள்ளைகளின் கை இயல்பாகவே நம்மைவிட வேகமாகத் தட்டும். அதை மெதுவாக்குவது அவர்களுக்கு லேசான காரியமில்லை. அப்படியிருந்தும் அந்த இரண்டரை வயதுக் குழந்தைகள்கூட, எதிரே ஓர் ஆள் இருந்தபோது, தங்கள் வேகத்தை விட்டுக்கொடுத்து அவர் வேகத்துக்கு வந்தார்கள். இதைப் படித்த அன்று நான் வகுப்பில் தினமும் பார்ப்பதை யாரோ அளந்து எழுதிவைத்தது போலிருந்தது. நான் தட்டினால் என் கையைப் பார்க்கிறார்கள், என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் மூச்சு இழுப்பதைப் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு முகமும் இல்லை, மூச்சும் இல்லை. ஒரு பிள்ளை பின்தங்கினால் அது நின்று காத்திருக்கவும் செய்யாது.

இசையால் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது மூளை வளர்ச்சி. பள்ளி விளம்பரங்களிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்த மடலை எழுதும் நானே இசைக்காக வாதாடுகிறவள். ஆனாலும் அந்த வாக்குறுதியை நம்பி இந்த இருபது நிமிடத்தை ஒதுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது நிறைவேறாதபோது இசையைத்தான் முதலில் வெட்டுவீர்கள்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். 1993-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்தது. 36 கல்லூரி மாணவர்கள், ஐரோப்பிய இசையமைப்பாளர் மொசார்ட் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய ஓர் இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். உடனே கொடுத்த வடிவக் கணக்குப் புதிர்களைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆய்வில் ஒரு குழந்தைகூட இல்லை. அதுதான் ஊர் ஊராகப் போய், 'மொசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்' என்று ஆகிவிட்டது. 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிற அளவுக்குப் போனது.

கேட்பதோடு நிற்காமல் முறையாகக் கற்பித்தால்? டொரான்டோவில் கிளென் ஷெல்லன்பெர்க் 144 ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2004-இல் வந்தது. சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு எதுவுமில்லை. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் நாலு குழுவிலும் நுண்ணறிவு மதிப்பெண் ஏறியிருந்தது. இசை கற்றவர்களுக்குச் சில புள்ளிகள் கூடுதலாக ஏறியிருந்தது. 2013-இல் ஹார்வர்டில் சாமுவேல் மெர், எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் நாலு வயதுப் பிள்ளைகளுக்குச் சில வாரம் இசை வகுப்பு நடத்திப் பார்த்தபோது நம்பத்தகுந்த பலன் எதுவும் தெரியவில்லை. 2020-இல் 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,000 பிள்ளைகளின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இசைக்குப் பதிலாக வேறொரு நல்ல செயலில் ஈடுபட்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டால், கணக்கிலோ நினைவாற்றலிலோ இசைப் பிள்ளைகள் முந்தியதாகத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு 'அப்போது இசை எதற்கு?' என்று கேட்டுவிடாதீர்கள். கணக்கில் மதிப்பெண் வேண்டுமென்றால் கணக்கைத்தான் சொல்லித்தர வேண்டும். இசை வேறொன்றைத் தருகிறது. அதுவும் இந்த வயதில் தருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மூன்றரை வயது. சேர்ந்து இரண்டு மாதமாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பேசுவான் என்று அம்மா சொன்னார். என் வகுப்பில் காலையில் முதலில் நடப்பது ஒரு பெயர் விளையாட்டு. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது நம் குரல் தானாக மேலிருந்து கீழே இறங்கும் அல்லவா? ச ரி க ம ப-வில் பஞ்சமமான ப-விலிருந்து காந்தாரமான க-வுக்கு. அந்த இரண்டே ஸ்வரத்தில் "யார் வந்தது?" என்று நான் பாடுவேன், வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் பெயரை அதே இரண்டு ஸ்வரத்தில் திருப்பிப் பாடும். இவன் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வான். நான் வற்புறுத்தியதில்லை. பெயர் பாட வேண்டிய இரண்டு தாள அடி நேரம் அவனுக்காக அமைதியாகக் காத்திருப்பேன், அப்புறம் பக்கத்துப் பிள்ளைக்குப் போவேன். தினமும் அப்படித்தான். ஒன்பதாவது வாரம் ஒரு நாள், அந்த அமைதியில் தரையில் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு விரலால் தட்டியிருந்தான். சரியாக அந்த இரண்டு அடியின் மேல். மற்றப் பிள்ளைகள் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவன் தட்டியதை அப்படியே தட்டிக் காட்டிவிட்டுத் தன் பெயரைப் பாடினாள். மூன்று வாரம் அவனுடைய பதில் அந்த இரண்டு தட்டுதான். பிறகு ஒரு நாள் பெயரே வந்தது, பாட்டாக. பேச்சு அதற்கும் பின்னால் வந்தது.

பாட்டால்தான் அவன் பேசினான் என்று நான் சொல்லமாட்டேன். காலம் போனால் தானாகவே பேசியிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு மாதமும் அவன் வகுப்புக்கு வெளியே நிற்கவில்லை. அவனுக்கென்று ஓர் இடம் தாளத்துக்குள் காலியாக இருந்தது. எப்போது வரலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பேச்சில் அப்படி இடம் கிடைப்பதில்லை. பேச்சில் தயங்குகிறவனை முந்திக்கொண்டு இன்னொருவன் பேசிவிடுவான். திக்கிப் பேசும் பிள்ளைகள் பலர் பாடும்போது திக்குவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சேர்ந்து இசைப்பது பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் எப்படி இணைக்கிறது என்பதற்கு 2010-இல் அதே கிர்ஷ்னரும் தோமசெல்லோவும் செய்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. 96 நாலு வயதுப் பிள்ளைகள், இரண்டிரண்டு பேராக. ஒரு குளம், அதில் தூங்கும் தவளைகள். தவளைகளை எழுப்ப வேண்டும். பாதி ஜோடிகள் பாடிக்கொண்டு, தாளத்துக்கு நடந்து, தவளை வடிவ இசைக் கருவியைத் தட்டி எழுப்பினார்கள். மீதிப் பேர் அதே விளையாட்டைப் பாட்டும் தாளமும் இல்லாமல் விளையாடினார்கள். அப்புறம் இன்னொரு விளையாட்டின் நடுவில் ஒரு பிள்ளையின் கையிலிருந்த குழாயிலிருந்து கோலிக்குண்டுகள் கொட்டிப்போகும்படி செய்தார்கள். சேர்ந்து பாடிய பிள்ளைகள்தான் அதிகமாக ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். இன்னும் சிறிய குழந்தைகளிடமும் இது தெரிகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லி குழுவினர் 14 மாதக் குழந்தைகளை உடம்போடு கட்டித் தூக்கிவைத்து, பாட்டுக்கு ஏற்ப மேலும் கீழும் அசைத்தார்கள். எதிரே நின்ற பெண் சில குழந்தைகளோடு ஒத்து அசைந்தார், சிலரோடு ஒத்துப்போகாமல் அசைந்தார். பிறகு அவர் கைதவறிப் பொருளைக் கீழே விட்டதுபோல் செய்தபோது, தன்னோடு ஒத்து அசைந்தவருக்குக் குழந்தைகள் கூடுதலாக எடுத்துக் கொடுத்து உதவின. பேச்சு வராத வயது!

எதிர்காலம் என்று நாம் பேசும்போது பெரும்பாலும் வேலையையும் படிப்பையும் மனதில் வைத்துப் பேசுகிறோம். இன்னொருவர் முடிக்கும்வரை காத்திருப்பது, தன் முறை வந்ததும் தயங்காமல் நுழைவது, கூட்டத்தில் தன் குரலையும் பக்கத்துக் குரலையும் ஒரே நேரத்தில் கேட்பது, பிசகினால் அழாமல் அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொள்வது. இவை எந்த வேலைக்குப் போனாலும், எந்த வீட்டில் வாழ்ந்தாலும் வேண்டும். இவற்றை உபதேசமாகச் சொன்னால் நாலு வயதில் ஏறாது. தாளத்தில் சொன்னால் ஏறும். நான் முரசைத் தட்டும்வரை நடக்க வேண்டும், நிறுத்தியதும் சிலைபோல் நிற்க வேண்டும் என்ற விளையாட்டை எல்லோரும் அறிவீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் நான் நிறுத்திய பிறகும் ஐந்தாறு கால்கள் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு ஓடத் துடிக்கும், மனம் பிடித்து நிறுத்தும். அந்த இழுபறி அவர்கள் முகத்திலேயே தெரியும், உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். நாலைந்து மாதத்தில் அந்தக் கால்கள் நிற்கப் பழகிவிடுகின்றன.

இந்த வயதிலேயே ஏன், ஆறு ஏழு வயதில் தொடங்கினால் போதாதா என்று கேட்கலாம். காது அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தாளத்தைப் போட்டு, நடுவில் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டால், தூக்கத்திலேயே அவற்றின் மூளை அதைக் கவனிக்கிறது என்று 2009-இல் கண்டார்கள். எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் இருவரும் 2005-இல் காட்டியது இன்னும் வியப்பானது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளின் இசையில் வரும் சமமில்லாத தாளங்களில் ஏற்படும் பிசகை, அந்த இசையைக் கேட்டே வளராத ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தன. பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கு அது வரவில்லை. ஆனால் இரண்டு வாரம் வீட்டில் அந்த இசையைக் கேட்கவைத்ததும் திரும்ப வந்துவிட்டது. பெரியவர்களுக்கு அதே இரண்டு வாரம் அவ்வளவு உதவவில்லை. காது தன்னைச் சுற்றிக் கேட்பதற்கு ஏற்ப இறுகிக்கொண்டே போகிறது. மழலையர் பள்ளி வயதில் அது இன்னும் இளகித்தான் இருக்கிறது. எந்த ஸ்வரத்தையும் தனியாகக் கேட்டு இன்னதென்று சொல்லும் திறன் வாய்த்தவர்களில் பெரும்பாலோர் ஆறு ஏழு வயதுக்குள் இசை கற்கத் தொடங்கியவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பின்னால் தொடங்குகிறவர் நல்ல பாடகராக முடியாது என்றில்லை. முன்னால் தொடங்கினால் காதுக்கு வேலை எளிது.

சரி, எப்படிக் கற்பிப்பது? இதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளாக யோசித்துவைத்தவர்கள் இருக்கிறார்கள். ஜெனீவாவில் இசைக் கல்லூரி ஆசிரியராக இருந்த எமில் ஜாக்-டால்க்ரோஸ், தன் மாணவர்கள் ஏட்டில் எல்லாம் சரியாக எழுதுவதையும், தாளத்தில் தடுமாறுவதையும் பார்த்துத்தான், கற்பது காலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நடக்கவைத்தார். ஹங்கேரியின் ஸோல்டான் கோடாய், கருவிக்கு முன் குரல் என்றார். கேட்டுப் பாடத் தெரிந்த பிறகுதான் எழுத்து என்றார். அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950-இல் தினமும் பாடும் பள்ளி ஒன்று தொடங்கியது. தினமும் என்பதுதான் அதில் உயிர். ஜப்பானின் ஷினிச்சி சுசுகி, எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியைச் சிரமமில்லாமல் பேசிவிடுகின்றனவே, இசையையும் அப்படியே கொடுத்தால் என்ன என்று கேட்டார். அவர் வழியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வயலின் மாதிரி ஒரு கருவியைத் தனித்தனியாகப் பழக்குவது எல்லாப் பள்ளிக்கும் ஆகிற காரியமில்லை. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப், குனில்ட் கீட்மன் இருவரும் கொண்டுவந்த ஒரு யோசனை. அவர்கள் பயன்படுத்திய தட்டுக் கருவிகளில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உள்ள கட்டையைத் தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம். மோகன ராகத்தில் வரும் ச ரி க ப த ஐந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டால், பிள்ளை எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது. நாலு பேர் ஒரே நேரத்தில் மனம்போனபடி தட்டினாலும் ஒத்துப்போகும். என் வகுப்பில் அப்படி ஒரு கருவி இருக்கிறது. முதல் முறை தட்டும் பிள்ளை பயந்துகொண்டு ஒரே கட்டையைத் தட்டும். எதிலும் தப்பு வரவில்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்க்கும். அப்புறம் அதைக் கையிலிருந்து வாங்குவது கஷ்டம். 'தப்பாகிவிடுமோ' என்ற பயம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்கப் போகாது. பெரியவர்களில் எத்தனை பேர், "எனக்குப் பாட வராது, சின்ன வயதில் டீச்சர் சும்மா வாயசைக்கச் சொன்னார்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? பிறவியிலேயே சுருதி பிடிபடாதவர்கள் நூற்றில் ஓரிருவர். கூடப்போனால் நாலு பேர். மற்ற எல்லோருக்கும் பாட வரும். சின்னப் பிள்ளைகள் முதலில் சொற்களைப் பிடிக்கும், அடுத்துத் தாளத்தை, அப்புறம் மெட்டின் ஏற்ற இறக்கத்தை. ஸ்வரம் சரியாக விழுவது கடைசியில்தான். அந்தக் கடைசிப் படிக்கு வருமுன் 'உனக்கு வராது' என்று சொல்லிவிடுகிறோம்.

இந்த இடத்தில் ஆசிரியைகளுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். "எனக்குக் குரல் இல்லை, அதனால்தான் பாட்டைப் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியைகள் நிறைய. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியதும் மலையளவு இல்லை. பிள்ளைகளின் குரல் வசதியாக நிற்கும் இடம் நடு ஸ்தாயியில் ஏறக்குறைய இரண்டு கட்டைச் சுருதியிலிருந்து ஆறு கட்டைச் சுருதி வரை (ஆர்மோனியத்தின் நடுப்பகுதியில் இரண்டாவது வெள்ளைக் கட்டையிலிருந்து ஆறாவது வரை). நாம் நம் தொண்டைக்கு வசதியாக ஒரு கட்டைக்கும் கீழே ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளத்தில் பாட்டு வராது, பேச்சாகிவிடும். 'இவர்களுக்குச் சுருதியே இல்லை' என்று முடிவு கட்டுகிறோம். பாட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள், பாதிப் பேர் உடனே சேர்ந்துவிடுவார்கள். அதோடு வேகத்தைக் குறையுங்கள். பதிவு செய்யப்பட்ட பாட்டுகள் பல, சொல்லை வாயில் உருட்டிப் பார்க்க நேரம் தராத வேகத்தில் ஓடுகின்றன. சத்தமாகப் பாடச் சொல்லாதீர்கள். கத்தும் தொண்டையில் ஸ்வரம் நிற்காது, தொண்டையும் கெடும். உங்கள் ஆசிரியைகளுக்கு இதை ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். மேடைக் குரல் தேவையில்லை. தாயின் குரலை யாராவது தரம் பார்த்தா குழந்தை கேட்கிறது?

இசை வகுப்பு எனக்குத் தந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் பாடத் தொடங்கி ஓர் அடி கழித்தே எப்போதும் சேர்ந்துகொள்ளும் ஒரு சிறுமி இருந்தாள். தாளம் வராத பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் வட்டத்தை மாற்றி உட்காரவைத்து, நான் அவளுக்குப் பின்னால் நின்று பாடினேன். அவள் தொடங்கவே இல்லை. அப்போதுதான் புரிந்தது, அவள் என் வாயையும் மற்றவர்களின் கையையும் பார்த்துத்தான் பாடிக்கொண்டிருந்தாள். மருத்துவரிடம் காட்டியபோது செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. இந்த வயதில் அடிக்கடி வருவதுதான். வலிக்காது, காய்ச்சலும் இருக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. பேச்சில் அவள் சமாளித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் மறைக்க முடியவில்லை. திரையில் பாட்டு ஓடியிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். எல்லோரும்தானே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெற்றோர் எழுத்தைக் கேட்கிறார்கள், நோட்டைத் திறந்து பார்க்கிறார்கள், அதனால் நேரமில்லை என்பதுதான் உங்கள் பக்கத்திலிருந்து நான் அதிகம் கேட்ட பதில். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதே காரணத்துக்காகத் தினசரிப் பாட்டு நேரத்தை எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் நாற்பது நிமிடம் என்று மாற்றினார்கள். போன வெள்ளிக்கிழமை படித்தது பிள்ளைகளுக்கு நினைவில் இருக்காது. மதியம் என்பதால் கண் சொருகும். நாற்பது நிமிடம் உட்காரவும் முடியாது. இரண்டு மாதத்தில் அந்த பீரியடும் திரையில் பாட்டு ஓடும் நேரமாகிவிட்டது. அன்று எனக்கு வந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இந்த வயதில் இசை பல் தேய்ப்பது மாதிரி. கொஞ்ச நேரம், ஆனால் தினமும்.

எழுத்தைக் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இது. எழுத்துக்கு முன்னால் ஒலி. 2002-இல் கனடாவில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 100 பேரிடம் பார்த்தபோது, இசையில் கூர்மையாகக் கேட்கும் பிள்ளைகள் சொல்லுக்குள் உள்ள ஒலிகளைப் பிரித்தறிவதிலும், வாசிக்கத் தொடங்குவதிலும் முன்னால் இருந்தார்கள். ஒன்றால் மற்றொன்று வந்தது என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே காதின் வேலை என்பது தெரிகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஒரு மாதத்தில் 12 முறை மூன்றடித் தாளத்தில் இசை விளையாட்டு நடத்தியபோது, இசையில் மட்டுமல்ல, பேச்சொலியிலும் கால ஒழுங்கு பிசகினால் அவர்களின் மூளை தெளிவாகக் கண்டுகொண்டது. 2016-இல் வந்த ஆய்வு இது. நம் மொழிக்கு இது இன்னும் பொருந்தும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணி, அந்த மாத்திரையைக் கண் இமைக்கும் நேரமென்றும் கை நொடிக்கும் நேரமென்றும் அளந்தது நம் இலக்கணம். 'கல்' என்று சொல்லி ஒரு தட்டு, 'கால்' என்று சொல்லி இரண்டு தட்டு நேரம் நீட்டிப் பாடும் பிள்ளைக்குத் துணைக்கால் எதற்கு என்று பிறகு விளக்க வேண்டியதே இல்லை. அதன் கை ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

இசை வகுப்பு வந்தால் அதோடு மதிப்பெண்ணும் போட்டியும் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அதைக் கொண்டுவராதீர்கள். முதல் பரிசு யாருக்கு என்று தெரிந்த அன்றே மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை; விழாவுக்காக இருபது நிமிடத்தைப் பறிக்காதீர்கள். விலை கூடிய கருவிகளும் வேண்டாம். ஒரு முரசு, கழற்றும் கட்டைகள் உள்ள ஒரு தட்டுக் கருவி, குலுக்க நாலைந்து பொருள், ஓடியாட இடம். மற்றதெல்லாம் பிள்ளைகளிடமே இருக்கிறது.

1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, விளையாடவும் கலை வாழ்வில் பங்கேற்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. அதிலுள்ள சொல் பங்கேற்பது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் தனி வகுப்பு கிடைத்துவிடும். கிடைக்காத பிள்ளைக்கு உங்கள் பள்ளியின் காலை நேரம் ஒன்றுதான் வழி.

அடுத்த பருவத்துக்குக் கால அட்டவணை போட உட்காரும்போது, மற்றக் கட்டங்களை நிரப்புவதற்கு முன், பிள்ளைகள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும் முதல் இருபது நிமிடத்தில் 'பாட்டு' என்று எழுதிவிடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்களிலும். "எனக்குப் பாட வராது" என்று சொல்லும் ஆசிரியை உங்களிடம் இருந்தால், ஒரு வாரம் என் வகுப்புக்கு அனுப்பிவையுங்கள். முதல் நாள் அவர் வட்டத்தில் உட்கார்ந்து தன் பெயரைப் பாடினால் போதும். அந்த இரண்டு ஸ்வரத்தைப் பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அன்புடன்,
ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை